பஞ்சு அக்காவும் நண்டு கேமும்

துறைமுகத்தில் அவளுக்குப் பேர் பஞ்சு. பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால், யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவள் பாட்டுக்குப் போய்க்கொண்டிருப்பாள். ஆளைப் பார்த்து வைத்த பேர் என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம். நல்ல வாட்டசாட்டமான உடம்பு. ஓர் அதட்டல் போட்டால் கீழே நிற்கிற லாரிக்காரர்கள் அத்தனை பேரும் கப்சிப். பஞ்சு என்பது அவள் கைக்கு வைத்த பேர்.

அவள் கன்டெய்னர் கிரேன் ஓட்டுகிறவள். உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, கால்களுக்கு நடுவே கீழே குனிந்து பார்த்தபடி, ஒரு வீட்டளவு இரும்புப் பெட்டியைக் கப்பலிலிருந்து தூக்கி லாரியின் முதுகில் வைக்க வேண்டும். மற்றவர்கள் வைத்தால் 'டம்' என்று சத்தம் வரும், லாரிக்காரருக்குப் பல் ஆடும். இவள் வைத்தால் ஒன்றுமே தெரியாது. புதிதாக வருகிற டிரைவர் ஜன்னல் வழியே தலையை நீட்டி, "அக்கா, இன்னும் வைக்கலையா?" என்று கேட்பார். "வெச்சாச்சு தம்பி, கிளம்பு" என்று வாக்கி-டாக்கியில் பதில் வரும். பழைய டிரைவர்கள் அதைக் கேட்டுச் சிரிப்பார்கள். அப்படி ஒட்டிக்கொண்ட பேர்தான் பஞ்சு.

கம்பியில் தொங்குகிற பெட்டி ஆடிக்கொண்டேதான் வரும். ஆட்டம் அடங்கி ஒரு கணம் சும்மா நிற்கும். அந்தக் கணத்தில் இறக்கிவிட வேண்டும், முன்னேயும் கூடாது, பின்னேயும் கூடாது. "இதையெல்லாம் எங்கக்கா கத்துக்கிட்டீங்க?" என்று யாராவது கேட்டால், "நண்டுகிட்ட" என்பாள். கேலி பண்ணுகிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள். அவள் உள்ளதைத்தான் சொன்னாள்.

அவளுடைய அப்பா பஸ் டிரைவர். அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். அம்மாவுக்கு மாலை வேலை வந்துவிட்டால், பள்ளிக்கூடம் விட்டதும் இவளும் அண்ணனும் நேரே பஸ் டெப்போ கேன்டீனுக்குப் போய் அப்பா வண்டியைக் கொண்டுவந்து விடும்வரை காத்திருக்க வேண்டும். அந்தக் கேன்டீன் மூலையில், கை கழுவுகிற தொட்டிக்குப் பக்கத்தில், ஜப்பானில் செய்த வீடியோ கேம் மெஷின் ஒன்று நின்றது. அதன் பேர் ஜப்பான் எழுத்தில் இருந்தது. படிக்கத் தெரிந்தவர் அந்த டெப்போவில் ஒருவரும் கிடையாது. திரையில் நிறைய நண்டுகள் வந்தன, எனவே அதற்கு நண்டு என்று பேர். வேறு ஆராய்ச்சிக்கு யாரும் போகவில்லை.

கடலுக்கு அடியில் குட்டையாக ஒரு மனிதன் முத்துப் பொறுக்கிக்கொண்டு போவான். எதிரே நண்டு வரும். கொடுக்கை அகல விரிக்கும், பிறகு மூடும். அது மூடுகிற அதே நேரத்தில் பொத்தானை அமுக்கினால் ஆள் துள்ளி நண்டின் முதுகில் ஏறி அந்தப் பக்கம் போய்விடுவான். முந்தி அமுக்கினாலும் போச்சு, பிந்தி அமுக்கினாலும் போச்சு. நண்டு காலைக் கவ்விவிடும், ஆள் குமிழியாகிவிடுவான். டெப்போவில் பெரிய பெரிய மீசைக்காரர்களெல்லாம் இந்த நண்டிடம் மண்ணைக் கவ்வினார்கள். குதிகாலை உயர்த்தி நின்று விளையாடிய இந்தப் பெண் மட்டும் ஏழாவது கடல்வரை போனாள். கண்டக்டர்கள் டீ கிளாஸோடு வந்து பின்னால் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். அப்பாவுக்குப் பெருமை பிடிபடாது, ஆனாலும், "வீட்டுப்பாடம் எழுதியாச்சா?" என்று ஒப்புக்கு ஓர் அதட்டல் போடுவார்.

கொஞ்ச காலத்தில் அதே நண்டு வீட்டுக்கும் வந்தது. டிவியில் மாட்டி விளையாடுகிற பெட்டி ஒன்றை அப்பா வாங்கிவந்தார், கூடவே நண்டு கேசட்டும். ஆசை ஆசையாகப் போட்டுப் பார்த்தால் ஒரே ஏமாற்றம். சிவப்பு நண்டு இங்கே செங்கல் நிறமாகிப்போயிருந்தது. பாட்டு கொசு ரீங்காரம் மாதிரி ஒலித்தது. ஏழாவது கடலைக் காணவே காணோம். அண்ணன் உதட்டைப் பிதுக்கி, "இது நம்ம நண்டு இல்ல எலி, நம்ம நண்டோட சித்தப்பா பையன்" என்றான். எலி என்பது அவன் மட்டும் கூப்பிடுகிற பேர். ஆனால் கொடுக்கு மூடுகிற நேரம் மட்டும் அப்படியே இருந்தது. கேன்டீனில் பழகிய விரலுக்கு வீட்டில் ஒரு தடுமாற்றமும் வரவில்லை. பின்னாளில் வேறொரு கம்பெனிப் பெட்டிக்கும் நண்டு வந்தது. அதில் நண்டு கொள்ளை அழகு, தண்ணீர்கூட அலையடித்தது, கொடுக்கு மட்டும் சோம்பல் முறிப்பதுபோல மூடியது. ஒரு நாள் விளையாடிவிட்டு இருவரும் அதைச் சீந்தவில்லை.

அப்பாவின் கதையையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது. அவருக்கு ஒரு நோய் வந்தது. டாக்டர் அதன் பேரைச் சொன்னார், வீட்டில் யாரும் அந்தப் பேரை வாயில் எடுப்பதில்லை, 'அது' என்றுதான் சொல்வார்கள். எடுத்த எடுப்பில் நடுக்கமெல்லாம் வரவில்லை. தாமதம்தான் வந்தது. சட்டைப் பொத்தான் போட நேரமானது. எல்லாரும் சிரித்து முடித்த பிறகு அவர் சிரித்தார். பஸ் நிறுத்தத்தைத் தாண்டிப் போய் நின்றது, பயணிகள் முணுமுணுத்துக்கொண்டே திரும்பி நடந்தார்கள். அவர் யாரிடமும் மூச்சுவிடவில்லை. கடைசியில் ஒரு நாள் டெப்போவுக்குள் திரும்பும்போது பஸ் கேன்டீன் சுவரில் போய் மோதியது. நல்ல வேளை, சுவரோடு போயிற்று. அப்பா இறங்கி வந்து சாவியை மேனேஜர் மேஜைமேல் வைத்தார். வீட்டுக்கு வந்து மகளிடம், "பிரேக்கை மிதிக்கிறேம்மா, கால்தான் லேட்டா போகுது" என்றார். அந்த வார்த்தையை அவள் மறக்கவே இல்லை.

இப்போது நடந்ததற்கு வருவோம். போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிற அண்ணன், தங்கை பிறந்தநாளுக்கு ஒரு சின்னப் பெட்டியை அனுப்பிவைத்தார். உள்ளங்கையளவு பெட்டிக்குள் அந்தக் காலத்து விளையாட்டுகள் ஒரு குவியல். நண்டும் உண்டு. நகலில்லை, கேன்டீனில் நின்ற அசலே அசல், எழுத்துக்கு எழுத்து அதேதான் என்று அட்டையில் போட்டிருந்தது. வீட்டில் புது டிவி வேறு வந்திருந்தது. பாதிச் சுவரை அடைக்கிற அளவு பெரிது. அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிற அவள் கணவர், துடைக்கிற துணியைக்கூடத் தனியாக எடுத்து வைத்திருந்தார் அதற்கு.

பெட்டியை மாட்டினாள். சிவப்பு நண்டு சிவப்பாகவே வந்தது. அதே பாட்டு, அதே ஜப்பான் எழுத்து. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. முதல் நண்டு வந்தது, கொடுக்கை விரித்தது, மூடியது. அமுக்கினாள். ஆள் குமிழியாகிவிட்டான்.

பழக்கம் விட்டுப்போய்விட்டது என்று சிரித்துக்கொண்டாள். மறுபடி ஆடினாள், மறுபடியும் குமிழி. எத்தனை தடவை ஆடியும் முதல் கடலைத் தாண்ட முடியவில்லை. சின்ன வயதில் தூக்கக் கலக்கத்தில்கூடத் தாண்டிய கடல் அது. கொடுக்கு மூடி முடித்த பிறகுதான் ஆள் துள்ளினான். அவள் சோபாவில் உட்கார்ந்து தன் கட்டை விரலையே பார்த்தாள். அப்பாவின் கால் நினைவுக்கு வந்தது.

அன்றைக்கே யாரிடமாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, அந்த விஷயத்தில் அவள் அப்பாவுக்குப் பெண்தான். வேலை முடிந்து வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு நண்டோடு மல்லுக்கட்டினாள். கொடுக்கு மூடும்வரை காத்திருந்தால் பிந்திவிடுகிறது என்று, அது மூட ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே அமுக்கிப் பார்த்தாள். அப்போது சில நண்டுகளைத் தாண்ட முடிந்தது. அதில் சந்தோஷப்படவும் முடியவில்லை. நல்ல கைக்கு எதற்கு இந்தக் குறுக்கு வழி? வீட்டில் ஒரு ஸ்பூன் கீழே விழுந்தாலும் திடுக்கிட்டாள். கணவர் ஏதாவது வேடிக்கையாகச் சொன்னால், தான் நேரத்துக்குச் சிரிக்கிறோமா என்று பார்த்தாள். பார்த்துப் பார்த்துச் சிரித்தால் சிரிப்பா வரும்?

"என்னம்மா, ஒரு மாதிரி இருக்கே? நான் சொன்னது அவ்வளவு மோசமாவா இருக்கு?" என்று அவர் கேட்டார். அசதி என்று சமாளித்தாள்.

அந்த வாரக் கடைசியில் கிரேனிலும் அது நடந்தது. ஆடி வந்த பெட்டியின் ஆட்டம் அடங்குவதற்குள் அவள் கை லீவரைத் தள்ளிவிட்டது. 'டம்!' லாரி குலுங்கிப்போயிற்று. பழைய டிரைவர் ஒருவர், அவளை அறிந்தவர், இறங்கி வந்து மேலே அண்ணாந்து பார்த்தார். "அக்கா, மேல நீங்கதானா?" என்று வாக்கி-டாக்கியில் கேட்டார். அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அடுத்த பெட்டியும் இடித்துக்கொண்டுதான் உட்கார்ந்தது.

அவளுக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று. சுவரில் மோதும்வரை அப்பா காத்திருந்தார், தான் காத்திருக்கக் கூடாது. கீழே வண்டிகளுக்கு நடுவே ஆட்கள் நடக்கிற இடம் அது. வேலை முடிந்ததும், கூண்டில் இத்தனை வருஷமாகக் கிடந்த தன் சொந்த மெத்தையை எடுத்து இடுக்கிக்கொண்டு ஏணியில் இறங்கி, நேரே சூப்பர்வைசர் அறைக்குப் போனாள்.

"சார், என்னைக் கீழ ஏதாவது வேலையில போட்டுடுங்க. இனிமே நான் மேல ஏறல."

"என்ன பஞ்சு, விளையாடுறீங்களா?"

"கை லேட்டா போகுது சார். எங்கப்பாவுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது."

சூப்பர்வைசர் சிடுமூஞ்சி என்று பேர் எடுத்தவர். அவர் எழுந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "முதல்ல டாக்டரைப் பாருங்க. திங்கட்கிழமை வந்து சொல்லுங்க. அதுவரைக்கும் உங்க சீட்டுல யாரையும் உட்கார வைக்க மாட்டேன்." அவர் திட்டாமல் பேசியதுதான் அவளை இன்னும் கலங்க வைத்தது. டாக்டரிடம் திங்கட்கிழமை காலைக்கு நேரம் வாங்கினாள். கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அண்ணனுக்கும் போன் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணன் வந்து இறங்கினார். சாப்பிடச் சொன்னதற்கு வேண்டாம் என்று கையசைத்துவிட்டு சோபாவில் உட்கார்ந்தார். "எங்க, ஆடு பார்ப்போம்" என்றார். ஆடினாள், செத்தாள்.

"இங்க குடு" என்று அவர் ஜாய்ஸ்டிக்கை வாங்கினார். "நீ பயந்து பயந்து ஆடுற. பாரு இப்ப." முதல் நண்டு வந்தது, விரித்தது, மூடியது. அமுக்கினார். குமிழி. தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னொரு முறை ஆடினார். குமிழி.

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. "எலி, எனக்கும் அதே இடத்துலதான் போகுது" என்றார் மெல்ல. "ஒரே அப்பாதானே ரெண்டு பேருக்கும்."

அறிவாளிகள் இரண்டு பேரும் அப்படியே இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு வீட்டில் இரண்டு பேருக்கு, ஒரே வாரத்தில், ஒரே நண்டிடம் நோய் வருமா என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. பயம் வந்துவிட்டால் மூளை முதலில் லீவு போட்டுவிடுகிறது. அண்ணன் அடுத்த வாரம் எடுக்க வேண்டிய கல்யாணப் படங்களை யாரிடம் ஒப்படைப்பது என்று யோசிக்கவே ஆரம்பித்துவிட்டார்.

கணவர் டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கொடியிலிருந்து எடுத்துவந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு அந்த விளையாட்டில் அக்கறை கிடையாது. ஆனால் நாள் முழுதும் அச்சு மெஷின் சத்தத்தோடு வாழ்கிறவர். தாளம் துளி பிசகினாலும் அந்தக் காது பொறுக்காது.

"மச்சான், இன்னொரு தடவை அமுக்குங்க" என்றார், திரும்பாமலே.

"விடுங்க மாப்பிள்ளை, நீங்க வேற."

"அட, அமுக்குங்கன்னா. நண்டெல்லாம் வேண்டாம், சும்மா குதிக்க வைங்க."

அண்ணன் அமுக்கினார். பொத்தான் 'டிக்' என்றது. பிறகு டிவி 'டொய்ங்' என்றது.

"கேட்டுச்சா? முதல்ல விரல் தட்டுது, அப்புறம்தான் அது குதிக்குது. நடுவுல ஒரு சந்து இருக்கு." கையில் பாதி மடித்த சட்டையோடு கணவர் திரும்பினார். "உங்க கை போய்ச் சேர்ந்துருச்சு. டிவிதான் பின்னாடி வருது. இதுக்கு ஏன் ரெண்டு பேரும் எழவு விழுந்த வீடு மாதிரி உட்கார்ந்திருக்கீங்க?"

பஞ்சு அக்கா அவரை ஏறிட்டுப் பார்த்தாள். நம்ப ஆசையாகத்தான் இருந்தது. ஆசைப்படுவதை நம்பக் கூடாது என்றும் இருந்தது. "டிவி எப்படிங்க லேட்டாகும்? அது புது டிவி."

"புதுசுங்கிறதாலதான்னு நினைக்கிறேன். வர்ற படத்தைச் சும்மா காட்டாதாம், மெருகேத்திட்டுத்தான் காட்டுமாம். கடைக்காரன் அப்படித்தான் பெருமையா சொன்னான். கதவைத் தட்டுனா பவுடர் போட்டுட்டு வந்து திறக்கிற ஆள் மாதிரி."

"சந்தேகத்தோட என்னால மேல ஏற முடியாதுங்க" என்றாள் அவள். "கீழ ஆளுங்க நிக்கிறாங்க."

"ஏறவே வேண்டாம். பரணைப் பாரு" என்றார் அவர்.

பரணில் பழைய குண்டு டிவி இருந்தது. அதைத் தூக்கிப் போடச் சொல்லி அவள் அவரோடு போடாத சண்டையில்லை. எப்போதாவது உதவும் என்று அவரும் விட்டுக்கொடுத்ததில்லை. மச்சானும் மாப்பிள்ளையும் முக்கி முனகி அதை இறக்கினார்கள். இறக்கும்போது அவர் முகத்தில் இருந்த வெற்றிக் களையை அவள் கவனிக்காமல் இல்லை. பழைய பெட்டியும் கேசட்டும் பக்கத்திலேயே ஒரு பழைய பையில் கிடந்தன. கேசட்டின் அடியில் வாயை வைத்து அண்ணன் ஊதினார். அவளும் வாங்கி ஒரு தடவை ஊதினாள். ஊதுவதால் என்ன ஆகும் என்று அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. ஆனால் ஊதாமல் அந்தக் கேசட்டைப் போட்டவர் கிடையாது.

டிவி கொஞ்சம் யோசித்து, கோடு கோடாக நெளிந்து, படத்தைக் காட்டியது. செங்கல் நிறத்தில் சித்தப்பா பையன் வந்தான். கொசு பாட ஆரம்பித்தது. அவள் ஜாய்ஸ்டிக்கை எடுத்தாள். இதிலும் போனால், அவ்வளவுதான், டிவிமேல் பழிபோட முடியாது.

நண்டு கொடுக்கை விரித்தது. அமுக்கினாள். குமிழி.

அவள் ஜாய்ஸ்டிக்கை மடியில் போட்டுவிட்டாள். "பார்த்தீங்களா" என்றாள். கணவர் முகம் வாடிவிட்டது.

அண்ணன் மட்டும் திரைக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார். சிரிப்பு வருகிற கணத்துக்காகக் காத்திருந்து காத்திருந்து படம் பிடிக்கிறவர். அவர் மெதுவாகத் திரும்பினார்.

"எலி, நீ எப்ப குதிச்சே?"

"எப்பவும் போலத்தான்."

"இல்ல. அது இன்னும் வாயை மூடவே ஆரம்பிக்கல, நீ குதிச்சிட்டே. இன்னொரு தடவை ஆடு. அவசரப்படாதே."

ஆடினாள். அண்ணன் சொன்னது வாஸ்தவம். கொடுக்கு விரிந்தபடியே இருந்தது, ஆள் அதற்குள் துள்ளிவிட்டான். ஒரு வாரமாக அந்தப் பெரிய டிவிக்கு முன்னால் முந்தி அமுக்கிப் பழகிய விரல், இங்கேயும் முந்திக்கொண்டது. கிரேனில் ஆட்டம் அடங்குவதற்குள் லீவரைத் தள்ளியதும் இதே விரல்தான்.

"நீ லேட் இல்லடி!" அண்ணன் கத்தினார். "நீ சீக்கிரம்! அப்பா கால் என்னைக்காவது சீக்கிரமா போயிருக்கா?"

அவள் வாயைத் திறந்தபடி அவரைப் பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்தாள். மூச்சை இழுத்து விட்டாள். நண்டு வந்தது. கொடுக்கை விரித்தது. காத்திருந்தாள். மூடியது, அதே நேரத்தில் விரல் இறங்கியது. ஆள் துள்ளி நண்டின் முதுகில் ஏறி அந்தப் பக்கம் குதித்தான். அடுத்த நண்டு, அதற்கடுத்தது. இரண்டாவது கடல், மூன்றாவது கடல். கணவர் மடித்த துணிகளின்மேலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஆறாவது கடலும் முடிந்து, ஏழாவது இல்லாத அந்தக் கேசட் மறுபடி முதல் கடலுக்கே வந்தபோது, பஞ்சு அக்கா அழுதுகொண்டே ஆடினாள். வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. போன உயிர் திரும்பி வந்தது. அவளுக்குக் கை இருந்தது, வேலை இருந்தது, இன்னும் நிறைய வருஷம் இருந்தது.

"எனக்குக் குடு, எனக்குக் குடு" என்று அண்ணன் பிடுங்கிக்கொண்டார். அவருக்கும் உயிர் ஊசலாடிக்கொண்டுதானே இருந்தது. இரண்டாவது கடல்வரை போய் நின்றார்.

"சின்ன வயசுலயும் நீ அவ்வளவுதான்" என்றாள் தங்கை. வீடே அதிரச் சிரித்தார்கள். தான் நேரத்துக்குச் சிரித்தோமா என்று அவள் பார்க்கவில்லை.

அப்புறம் கணவர் ரிமோட்டைக் குடைந்து குடைந்து, புது டிவியின் மெருகு வேலையை நிறுத்துகிற இடத்தைக் கண்டுபிடித்தார். பவுடர் போடாமல் வந்த சிவப்பு நண்டு ஒழுங்காக நேரத்துக்குக் கொடுக்கை மூடியது. திங்கட்கிழமை காலை அவள் டாக்டரிடமும் போனாள். வாங்கிய நேரத்தை வீணாக்குவானேன்? டாக்டர் விரல்களைத் தட்டச் சொன்னார், நடக்கச் சொன்னார், கேள்விகள் கேட்டார். ஒன்றுமில்லை, போய் வேலையைப் பாருங்கள் என்றார்.

மத்தியானம் சூப்பர்வைசர் அறை வாசலில், இடுப்பில் மெத்தையை இடுக்கிக்கொண்டு நின்றாள். நடந்தது அத்தனையும் அவரிடம் சொன்னாள். "டிவியைப் பார்த்துட்டா என் கிரேனை விட்டு இறங்குனீங்க? இங்க வண்டி வரிசை கேட் வரைக்கும் நிக்குது!" என்று கத்தினார். அந்தத் திட்டு அவளுக்குத் தேனாக இனித்தது.

ஏணியில் ஏறி, சீட்டில் மெத்தையைப் போட்டு உட்கார்ந்தாள். முதல் பெட்டி கம்பியில் ஆடி ஆடி இறங்கி வந்தது. விரல் துறுதுறுத்தது. பொறு என்று சொல்லிக்கொண்டாள். ஆட்டம் குறைந்தது, இன்னும் குறைந்தது, அடங்கியது. லீவரைத் தள்ளினாள்.

கீழே ஒரு சத்தமும் இல்லை. லாரி நின்ற இடத்திலேயே நின்றது. நின்றது, நகரவே இல்லை. அவள் கால்களுக்கு நடுவே இன்னும் குனிந்து பார்த்தாள். பிறகு டிரைவர் ஜன்னல் வழியே தலையை நீட்டி அண்ணாந்து பார்த்தார்.

"அக்கா, இன்னும் வைக்கலையா?"